காற்று எந்த வழியாகப் போகிறது?

முப்பது வயதைத் தாண்டிய டர்போ கார்களில் இப்படி ஒரு நிலை அடிக்கடி வரும். காலையில் செல்ஃப் அடித்தால் இன்ஜின் பிடிக்க நேரமாகும். பிடித்த பிறகும் ஐட்லிங்கில் உதறும். ஒரு சிலிண்டர் மிஸ் ஆவது காதுக்கே தெரியும். ஆனால் சாலையில் ஏறி மூவாயிரம் சுற்றைத் தொட்டுவிட்டால் உதறல் அடங்கிவிடும், பிக்கப்பும் ஓரளவு கிடைக்கும். பிளக்கும் பிளக் ஒயரும் மாற்றிப் பார்த்துப் பயனில்லை என்றான பிறகு பட்டறையில் ஒரு தீர்ப்பு வரும்: "கம்ப்ரஷன் போச்சு சார், இன்ஜினை இறக்கிடலாம்."

முதல் பாதி உண்மையாக இருக்கலாம். இரண்டாம் பாதிக்கு அவசரப்பட வேண்டியதில்லை. கம்ப்ரஷன் குறைவு என்பது ஓர் அறிகுறி. சிலிண்டருக்குள் அடைபட்டு நிற்க வேண்டிய காற்று எங்கோ கசிகிறது, அல்லது போதிய காற்று உள்ளேயே வரவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. கசியும் வழி எது என்பதைப் பொறுத்து, மேல்மூடியைத் திறந்து வால்வு இடைவெளியைச் சரிசெய்வதோடு வேலை முடியலாம். பிஸ்டன் வரை பிரித்துப் போர் போட வேண்டியும் வரலாம். எந்த வழி என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் வேண்டாம். கொஞ்சம் இயற்பியலும், ஒழுங்கான சோதனை முறையும், கூர்மையான காதும் போதும்.

ஒரு ஸ்வீடன் இன்ஜின்

பொதுவாகப் பேசுவதைவிட ஓர் இன்ஜினைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது. ஸ்வீடனின் சாப் நிறுவனம் செய்த இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜின் இதற்குப் பொருத்தமானது. சாலைக் காரில் டர்போவை முதலில் வைத்தது சாப் அல்ல. 1962இலேயே அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரும் ஷெவர்லே கார்வேரும் டர்போவோடு விற்பனைக்கு வந்துவிட்டன. அன்றாட ஓட்டத்துக்குத் தாங்கும் குடும்பக் காரில் அதைப் பொருத்திக் காட்டியதில்தான் சாப் பெயர் பெற்றது. 1977இல் அறிமுகமான சாப் 99 டர்போவின் பின்னணியில் இருந்தவர் பேர் யில்பிராண்ட் என்ற பொறியாளர். 145 குதிரைத்திறன் தந்த அந்த இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 7.2தான். அதே வழியில் வந்த சாப் 900 காரின் 16 வால்வு டர்போவில் விகிதம் 9 ஆக உயர்ந்தது. திறனும் 175 குதிரைத்திறனைத் தொட்டது.

விகிதத்தை ஏன் அவ்வளவு குறைவாக வைத்தார்கள்? டர்போ, காற்றை ஏற்கெனவே அமுக்கித்தான் உள்ளே அனுப்புகிறது. அமுக்கிய காற்றை பிஸ்டன் மறுபடியும் அமுக்கும்போது வெப்பம் எல்லை மீறினால், பிளக்கின் சுடர் வந்து சேரும் முன்பே கலவை தானாக வெடிக்கும். பட்டறை மொழியில் நாக்கிங். அதைத் தவிர்க்கப் பழைய டர்போ இன்ஜின்களில் பிஸ்டனுக்கு மேலே அதிக இடம் விட்டார்கள். ஆகவே பழைய டர்போ இன்ஜின் முழு நலத்தோடு இருந்தாலும் பிளக் துளையில் மாட்டும் கம்ப்ரஷன் கேஜ் காட்டும் எண் மற்றக் கார்களின் எண்ணைவிடக் குறைவாகவே வரும். செல்ஃப் சுற்றும் வேகத்தில் டர்போ எழும்பாது என்பதால் சோதனையின்போது அதன் உதவியும் கிடையாது. 7.2 விகித இன்ஜினின் எண்ணை, பக்கத்தில் நிற்கும் 10 விகிதக் காரின் எண்ணோடு ஒப்பிட்டு "குறைவு" என்று சொன்னால் சோதனை தொடங்கும் முன்பே தவறிவிட்டது.

எண் எப்படி உருவாகிறது

விகிதம் 9 என்றால் பிஸ்டன் மேலே வரும்போது காற்று ஒன்பதில் ஒரு பங்கு இடத்தில் ஒடுங்குகிறது. அப்படியானால் அழுத்தமும் ஒன்பது மடங்குதானா? வெப்பம் முழுவதும் வெளியேறிவிட்டால் அப்படித்தான் இருக்கும். வெப்பம் சிறிதும் வெளியேறாவிட்டால், சூடேறிய காற்று இன்னும் அதிகமாக எதிர்க்கும். அழுத்தம் சுமார் 21 மடங்கு வரை ஏறும். உண்மை இன்ஜின் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சும். இன்லெட் வால்வு பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகே மூடும் என்பதால் சிறிது காற்று வந்த வழியே திரும்பும். பிஸ்டன் ரிங்குகளின் வாய் இடைவெளியிலும் கொஞ்சம் கசியும். இத்தனையும் கழித்தால் இந்த விகிதத்துக்கு கேஜில் 11 பார் அளவில், ஏறத்தாழ 160 பிஎஸ்ஐ, எதிர்பார்க்கலாம்.

கசிவுக்குக் கிடைக்கும் நேரத்தையும் கணக்கிட வேண்டும். செல்ஃப் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றினால் பிஸ்டன் ஒருமுறை கீழிருந்து மேலே வர 0.15 விநாடி ஆகும். மூவாயிரம் சுற்றில் அதே பயணம் 0.01 விநாடியில் முடிந்துவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுப்பவர் ஓடினால் வீட்டுக்குக் கொஞ்சமாவது வந்து சேரும். நின்று நின்று நடந்தால் குடம் காலி. செல்ஃபில் கசிவுக்குப் பதினைந்து மடங்கு நேரம் கிடைக்கிறது. ஸ்டார்ட்டிங் கஷ்டமாகவும், ஐட்லிங் உதறலாகவும், நெடுஞ்சாலை ஓட்டம் சுகமாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

ரிங்குகள் வேலை செய்யும் விதமும் இதற்குத் துணைபோகிறது. ரிங் தன் சொந்த இழுவிசையால் மட்டும் சுவரோடு ஒட்டுவதில்லை. மேலேயுள்ள அழுத்தம் ரிங்கின் முதுகுப் பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகும். செல்ஃப் வேகத்தில் அழுத்தம் குறைவு என்பதால் தேய்ந்த ரிங் அங்கேதான் தன் குறையை முதலில் காட்டும்.

கேஜை மாட்டும் முன்

தவறான சோதனை நல்ல இன்ஜினையும் கெட்டதாகக் காட்டும். இன்ஜின் ஓடிச் சூடாகியிருக்க வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றினால் செல்ஃப் திணறி, வேகம் குறைந்து எண்ணும் குறையும். பெட்ரோல் பம்பின் ஃபியூஸையும் இக்னிஷன் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். த்ராட்டில் மூடியிருந்தால் உள்ளே வரும் காற்றே குறைவு. 2,000 மீட்டர் உயர மலை ஊரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எண்ணும் அதே அளவு இறங்கும்.

கேஜையும் சந்தேகிக்கலாம். காற்றைத் திரும்ப விடாமல் பிடிக்கும் சிறு வால்வு, குழாயின் பிளக் பக்க முனையில் இருக்க வேண்டும். கேஜ் பக்கம் இருந்தால் குழாயின் உள்ளிடமும் சிலிண்டரோடு சேர்ந்து எண்ணைக் குறைக்கும். அந்த வால்வு பழுதானபோது டயர் வால்வின் ஊசியைப் போட்டுச் சமாளிப்பவர்களும் உண்டு. அதன் ஸ்பிரிங் கடினமானது. எல்லாச் சிலிண்டருக்கும் குறைந்த எண்ணையே தரும்.

சாப் 900இல் இன்னொரு பொறியும் இருக்கிறது. இந்தக் காரில் இன்ஜின் வழக்கத்துக்கு மாறாகத் திரும்பி உட்கார்ந்திருக்கும்: கிளட்ச் முன்பக்கம், டைமிங் செயின் பின்பக்கம். முதல் சிலிண்டர் ரேடியேட்டர் ஓரத்தில் இல்லை, டிரைவரின் காலடிப் பக்கச் சுவரை ஒட்டி இருக்கிறது. எண்களை முன்னிருந்து பின்னாக எழுதினால் நோய் வேறு சிலிண்டருக்குப் போய்விடும்.

ஒவ்வொரு சிலிண்டரையும் ஐந்தாறு அழுத்தங்களுக்குச் சுற்றி, கடைசி எண்ணோடு முதல் அழுத்தத்தின் எண்ணையும் குறிக்க வேண்டும். நல்ல சிலிண்டரில் முள் முதல் துள்ளலிலேயே பாதிக்கு மேல் ஏறி, அடுத்த இரண்டு மூன்றில் உச்சத்தைத் தொடும். முதலில் தாழ்ந்து, பிறகு படிப்படியாக ஏறினால் ரிங்குகள் மேல் சந்தேகம். முதலிலும் தாழ்வு, பிறகும் பெரிதாக ஏறவில்லை என்றால் வால்வு.

அடுத்து நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 165, 160, 110, 162 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மூன்று சிலிண்டர்கள் ஒத்துப்போகின்றன. மூன்றாவதில் மட்டும் கோளாறு. மிகக் குறைந்த எண், மிக உயர்ந்ததில் முக்கால் பங்குக்குக் கீழே போனால் கவலைப்படலாம் என்பது பட்டறைகளின் பொதுக் கணக்கு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்திருந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். நான்கும் ஒரே அளவில் குறைந்திருந்தால் தேய்மானத்தைச் சொல்லும் முன் த்ராட்டில், பேட்டரி, கேஜ், டைமிங் செயின் நீட்சி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். செயின் நீண்டு வால்வு தாமதமாக மூடினால் நான்கு சிலிண்டரும் சேர்ந்தே காற்றை இழக்கும். அளவுக்கு மீறிய பெட்ரோல் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவியிருந்தாலும் இதே விளைவு.

எண் கூடுவதும் எப்போதும் நல்லதல்ல. ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட மிக உயர்ந்திருந்தால் அதன் பிஸ்டன் தலையில் கரி கட்டியிருக்கலாம். டர்போ இன்ஜினில் அந்தக் கரி நாக்கிங்குக்கு அழைப்பு.

ஒரு டீஸ்பூன் ஆயில்

குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி அளப்பது பழைய முறை. ஆயில் ரிங்கைச் சுற்றி அடைக்கும்; எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ. தத்துவம் சரி. எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

சாப் இன்ஜினின் மொத்தக் கொள்ளளவு 1,985 கன சென்டிமீட்டர். ஒரு சிலிண்டருக்கு 496. விகிதம் 9 என்பதால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே எஞ்சும் இடம் 62 கன சென்டிமீட்டர். அதில் 10 மில்லி ஆயிலை ஊற்றினால் இடம் 52 ஆகச் சுருங்கும், விகிதம் 10.5க்குத் தாவும். ரிங்குகள் புத்தம் புதிதாக இருந்தாலும் எண் ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடும். அதைப் பார்த்து "ரிங் போச்சு" என்று சொல்வது, அளந்தவர் ஊற்றிய ஆயிலையே அளப்பதாகும். ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். அதே அளவை ஒரு நல்ல சிலிண்டரிலும் ஊற்றி, இரண்டும் எவ்வளவு ஏறின என்று ஒப்பிட்டால் உண்மை தெரியும்.

இந்த இன்ஜின் 45 பாகை சாய்ந்து நிற்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். ஆயில் தாழ்ந்த பக்கமே தேங்கும். சிலிண்டர்கள் படுத்துக் கிடக்கும் சுபாரு, போர்ஷே 911 வகை இன்ஜின்களில் மேற்பக்க ரிங் அநேகமாக நனைவதே இல்லை. அங்கே இந்தச் சோதனையை நம்ப முடியாது.

காதால் கேட்கும் சோதனை

இதுவரை கிடைத்தது சந்தேகம். உறுதி கிடைப்பது கசிவுச் சோதனையில். பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்த வேண்டும். காற்று வரும் குழாயின் நடுவில் ஊசித்துளை ஒன்றும், அதன் இருபக்கமும் இரண்டு கேஜ்களும் இருக்கும். உள்ளே போகும் அழுத்தம் 100, சிலிண்டரில் நிற்பது 85 என்றால் கசிவு 15 சதவீதம். விமான பிஸ்டன் இன்ஜின்களையும் இதே தத்துவத்தில்தான் சோதிக்கிறார்கள். அங்கே வழக்கமான அழுத்தம் 80 பிஎஸ்ஐ.

எச்சரிக்கை ஒன்று. 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் மேல் 7 பார் காற்று நின்றால் அதன் விசை சுமார் 450 கிலோ எடைக்குச் சமம். பிஸ்டன் உச்சியிலிருந்து சற்று விலகியிருந்தாலும் கிராங்க் திடீரென்று சுழலும். அதில் ஸ்பானர் மாட்டியிருந்தால் கை உடையும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, கிராங்க் அசையாமல் நிற்பதை உறுதிசெய்த பிறகே கூட்ட வேண்டும்.

பிறகு காது வேலை செய்யும். ஆயில் ஊற்றும் வாயில் சீறல் கேட்டால் காற்று ரிங் வழியே கிராங்க் அறைக்குப் போகிறது. த்ராட்டிலில் கேட்டால் இன்லெட் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். ரிங்குகளின் வாயில் எப்போதும் சிறு இடைவெளி இருப்பதால் அந்த வழியில் ஓரளவு கசிவு இயல்பு. 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 30ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது. வால்வுக்கு அந்தச் சலுகை இல்லை. காதுக்குத் தெளிவாகக் கேட்கும் அளவு அங்கே சீறினால் அது குறைதான்.

டர்போ காரில் இந்தக் கேட்டல் கொஞ்சம் சிக்கலானது. இன்லெட் சீறல் இன்டர்கூலரையும் டர்போவையும் கடந்து ஏர் ஃபில்டருக்கு வருவதற்குள் மங்கிவிடும். ஆகவே த்ராட்டிலின் குழாயைக் கழற்றி, த்ராட்டிலைத் திறந்து வைத்துக் கேட்க வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கத்திலும் டர்பைன் வழியை மறிக்கும். ஆக்ஸிஜன் சென்சார் இருந்தால் அதைக் கழற்றிய துளையில் காது வைப்பது மேல்.

பக்கத்துப் பிளக் துளையில் காற்று வந்தால் கேஸ்கெட் என்று உடனே முடிவு கட்டவும் கூடாது. இந்த இன்ஜினின் எரிப்பு வரிசை 1-3-4-2. மூன்றாவது சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது இரண்டாவதும் மேலேதான் நிற்கும். ஆனால் அதன் இன்லெட், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் லேசாகத் திறந்திருக்கும். மூன்றாவதில் வால்வு கசிந்தால் காற்று மானிஃபோல்டுக்குள் போய், இரண்டாவதின் திறந்த வால்வு வழியாக அதன் பிளக் துளையில் வெளிவர முடியும். பார்ப்பதற்குக் கேஸ்கெட் போலவே இருக்கும். த்ராட்டிலிலோ எக்ஸாஸ்டிலோ சீறல் இல்லாமல் பக்கத்துத் துளையில் மட்டும் பலமாக வந்தால்தான் கேஸ்கெட் என்று சொல்லலாம்.

டர்போ எதைக் கெடுக்கிறது

முழுச் சுமையில் டர்போ இன்ஜினின் உச்ச அழுத்தம் 80 பாரைத் தொட்டால், இந்தப் பிஸ்டன் ஒவ்வொன்றும் தாங்குவது ஐந்து டன் விசை. நாக்கிங் வரும்போது அதற்கு மேல் அதிர்ச்சி அலைகள் மோதுகின்றன. உலோகத்தைக் காத்து நிற்கும் மெல்லிய வாயுப் படலத்தை அவை கலைத்துவிட, வெப்பம் நேராக அலுமினியத்துக்குள் இறங்குகிறது. முதலில் உடைவது பெரும்பாலும் மேல் இரண்டு ரிங்குகளுக்கும் இடையிலுள்ள மெல்லிய வரம்பு. அப்படி உடைந்த பிஸ்டனில் ஆயில் ஊற்றினாலும் எண் சரியாக ஏறாது. சீறல் மட்டும் ஆயில் வாயில் தெளிவாகக் கேட்கும். இரண்டு சோதனையும் முரண்படுவது போலத் தோன்றும் இந்த இடத்தில் கசிவுச் சோதனை சொல்வதையே நம்ப வேண்டும்.

எக்ஸாஸ்ட் வால்வின் கதை வேறு. அது தன் வெப்பத்தின் பெரும்பகுதியை சீட்டில் உட்காரும் நொடிகளில்தான் இறக்கிவைக்கிறது. சரியாக உட்காராத வால்வு ஆறாது. கசியும் நெருப்பு விளிம்பை அரிக்கும். அரித்த விளிம்பு மேலும் கசியும். பழைய 8 வால்வு சாப் இன்ஜினில் வால்வு இடைவெளியை ஷிம் வைத்துச் சரிசெய்வார்கள். சீட் தேயத் தேய இடைவெளி குறைந்து, ஒருநாள் வால்வு முழுதாக மூடாமலே போகும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் ஷிம் மாற்றுவதோடு கம்ப்ரஷன் திரும்பிவிடும். 16 வால்வு இன்ஜினில் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் இடைவெளியைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. அங்கே இந்த மலிவான தீர்வு கிடையாது.

நீலப்புகை இன்னொரு குழப்பம். புகை வந்தாலே ரிங் என்று சொல்வது வழக்கம். டர்போவின் பேரிங் தேய்ந்தாலும், அதன் ஆயில் திரும்பும் குழாய் அடைத்தாலும் இதே புகைதான். கம்ப்ரஷனும் கசிவும் நன்றாக இருந்து புகை மட்டும் வந்தால், இன்ஜினைத் தொடாமல் டர்போவையும் வால்வு சீல்களையும் பார்க்க வேண்டும்.

ஹெட்டைக் கழற்றும் முன் இரண்டு சாட்சிகளைக் கேட்டுவிடலாம். பிளக் துளைக்குள் விடும் சிறு கேமரா வால்வின் எரிந்த விளிம்பையும் சுவரின் கீறலையும் காட்டும். ஒரு பிஸ்டன் மட்டும் கரியில்லாமல் பளபளத்தால் கூலன்ட் உள்ளே கசிந்து நீராவியாகக் கழுவியிருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவம் மஞ்சளானால் எரிந்த வாயு கூலன்டுக்குள் வருகிறது என்று பொருள்.

வழி தெரிந்த பிறகு மிஞ்சும் கேள்வி, அந்த வழி ஏன் திறந்தது என்பது. நாக்கிங் பிஸ்டனை உடைத்திருந்தால் அந்த நாக்கிங்குக்கு ஒரு காரணம் இருக்கும்: குறைந்த ஆக்டேன் பெட்ரோல், அடைத்த இன்ஜெக்டர், டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டின் வெடித்த ரப்பர் குழாய். நாக்கிங்கைச் சென்சாரால் உணர்ந்து டர்போ அழுத்தத்தைத் தானே குறைக்கும் ஏபிசி என்ற அமைப்பை சாப் 1980களின் தொடக்கத்திலேயே கொண்டுவந்தது. நாற்பது ஆண்டு வயதான அந்தச் சென்சாரோ சோலனாய்டோ இன்று செத்திருந்தால், புதிய பிஸ்டனும் பழையதைப் போலவே உடையும். அதனால் ரிப்பேர் பட்டியலில் பிஸ்டனுக்குப் பக்கத்தில் அதை உடைத்தது எது என்பதும் எழுதப்பட வேண்டும். அது எழுதப்படாதவரை வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. சரிசெய்த இன்ஜின் ஓடிப் பழகியதும் நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் கசிவையும் அளந்து, தேதியோடு காரிலேயே வைத்துவிடுங்கள். அடுத்த முறை யாராவது "கம்ப்ரஷன் போச்சு" என்றால், எதிலிருந்து எவ்வளவு போச்சு என்று கேட்கலாம்.